வந்த வேலையை மறுக்கலாமா?

"வீடு தேடி வந்த லெட்சுமியை எட்டி உதைச்சிட்டியே தாயி!"

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் முறுக்குப் பிழிந்து கொண்டிருந்த என் அம்மாவைப் பார்த்துப் பெரிய மாமா சொன்ன வார்த்தை இது. அம்மா பதில் பேசவில்லை. முறுக்கு அச்சை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிழிந்தார், அவ்வளவுதான். பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, 19 ஆண்டுகள் உழைத்து, லைன் லீடராக உயர்ந்தவர் அவர். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஆட்குறைப்பில் வேலை போயிற்று. நவம்பரில் ஓர் ஏஜெண்டு மூலம் கூலிமில் வேறொரு தொழிற்சாலையில் வேலை வந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லி விட்டார். அதற்குத்தான் மாமாவின் இந்த அர்ச்சனை.

மாமாவின் கோபத்திற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மா அப்போது சொக்சோ வழங்கும் வேலை தேடுவோருக்கான உதவித்தொகையைப் பெற்றுக் கொண்டிருந்தார். "கவர்மெண்டு காசு கொடுக்குது, அதான் வேலைக்குப் போக மனசு வரல" என்று மாமா முடித்தார். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மட்டும் கேட்கும் பேச்சன்று. நம் நாட்டில் வேலையில்லாமல் இருப்பவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்னும் குற்றச்சாட்டு முதலில் வந்து நிற்கிறது. உதவித்தொகை பெறுகின்ற ஒருவர் தமக்கு வந்த வேலையை மறுக்கலாமா? மறுக்கலாம் என்றால் எப்போது? இதைப் பற்றி நம் மாணவர்கள் சிந்திக்க வேண்டும் என்றே இதனை எழுதுகிறேன். நாளை நாமும் சம்பளத்தில் சந்தா கட்டப் போகிறவர்கள்தாமே!

முதலில், அது கவர்மெண்டு காசா? வேலை காப்புறுதித் திட்டச் சட்டம் 2017-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2018 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடும் முதலாளி 0.2 விழுக்காடும் சந்தா செலுத்த வேண்டும். வேலை போனால் முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என்பது அத்திட்டம் வகுத்த கணக்கு. தாமாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்குமீறலுக்காக நீக்கப்பட்டவருக்கும் இத்தொகை கிடையாது. அம்மாவின் சம்பளம் 2,800 ரிங்கிட். ஆகவே 2,240, 1,400, 1,120, 1,120, 840, 840. ஆறு மாதத்திற்கும் சேர்த்து 7,560 ரிங்கிட். தொழிலாளரும் முதலாளிகளும் கட்டிய பணத்திலிருந்து வருவதால் இது தானமன்று, காப்புறுதி. கார் மோதி விட்டால் காப்புறுதிப் பணம் கேட்பவரை யாரும் பிச்சைக்காரர் என்று சொல்வதில்லை.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018 ஜனவரி முதல் 2023 செப்டம்பர் வரை 69 மாதங்கள். தொடக்கம் முதலே அம்மாவின் சம்பளம் 2,800 என்று வைத்துக் கொண்டாலும் அவர் பங்கு 400 ரிங்கிட்டைத் தாண்டாது. முதலாளியின் பங்கைச் சேர்த்தாலும் 800-க்குள் அடங்கி விடும். மீதி 6,700-க்கும் மேற்பட்ட ரிங்கிட்டை, இன்றும் வேலைக்குப் போய் வருகின்ற மற்றவர்கள் போட்டார்கள். 'என் பணம், என் விருப்பம்' என்று அம்மா சொல்ல முடியாது. 'ஏன் அந்த வேலைக்குப் போகவில்லை?' என்று கேட்க மற்றவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர் பதிலையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

அம்மாவின் பதில் இதுதான். கூலிமில் கொடுப்பதாகச் சொன்ன அடிப்படைச் சம்பளம் 1,500 ரிங்கிட், அதாவது அன்றைய குறைந்தபட்சச் சம்பளம். முற்றிலும் இரவு வேலை, 12 மணி நேரம். தொழிற்சாலை பஸ் ஒவ்வோர் இடமாக நின்று ஆளேற்றிப் பாலம் கடந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். திரும்பி வரவும் அதே. வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி. அப்பா லோரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பார். நான் விடுதியில். இரவில் பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. மறுத்த பிறகு உதவித்தொகை நின்று விடுமோ என்ற பயத்தில் அம்மா இரண்டு நாள் தூங்கவில்லை. மாமா சொன்னது போல் சுகம் கண்டவராக எனக்கு அவர் தெரியவில்லை.

இந்த வழக்கு புதியதன்று. பிரிட்டன் 1911-இல் வேலையின்மைக் காப்புறுதியைச் சட்டமாக்கியபோதே, எந்த வேலையை மறுத்தால் உதவித்தொகை போகாது என்பதையும் அதே சட்டத்தில் எழுதி வைத்தது. வேலைநிறுத்தத்தால் காலியான இடத்திற்குப் போகச் சொன்னால் மறுக்கலாம். தாம் வழக்கமாக வேலை செய்த வட்டாரத்தில், வழக்கமாகப் பெற்ற கூலியைவிடக் குறைந்த கூலிக்கு அழைத்தால் மறுக்கலாம். இது கருணையால் மட்டும் எழுதப்பட்டதாக நான் நினைக்கவில்லை. பசித்தவனைக் காட்டி, வேலையில் இருப்பவனின் கூலியையும் குறைத்து விடலாம் அல்லவா? அந்தக் கதவை அடைப்பதற்கான தாழ்ப்பாள் அது. பிறகு 1921 முதல் 1930 வரை அங்கேயே 'உண்மையாகவே வேலை தேடுகிறாய் என்று நீயே நிரூபி' என்னும் சோதனை வந்தது. வேலையே இல்லாத ஊரில் தொழிற்சாலை வாசல் தோறும் ஏறி இறங்கி, ஏறி இறங்கியதற்குக் கணக்கும் சொல்ல வேண்டிய நிலை. அந்தச் சோதனை 1930-இல் கைவிடப்பட்டது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயாவில் நம் முன்னோருக்கு நடந்தது என்ன? ரப்பர் விலை சரிந்த 1930-களின் தொடக்கத்தில் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களில் பலர் புறப்பட்ட துறைமுகம் நம் பினாங்குதான். லண்டனில் 1911-லேயே 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்லச் சட்டம் இடம் கொடுத்திருக்க, இங்கே இருந்தவை குறைந்த கூலியும் கப்பலுந்தான். தோட்டத்தில் வேலையோடு லயத்து வீடும் ஒட்டியிருந்தது. வேலை போனால் வீடும் போகும் என்னும் நிலையில் எவர்தாம் வாய் திறந்து மறுத்திருப்பார்? 'கிடைத்ததைச் செய்' என்று மாமா சொல்லும்போது அந்தப் பழைய பயந்தான் அவர் வாயிலிருந்து பேசுகிறது என்று எனக்குத் தோன்றும். மாமாவும் செபராங் பிறைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்தாம்.

நம் நாட்டுச் சட்டத்திற்கும் இந்தச் சிந்தனை அந்நியமன்று. வேலைநீக்க இழப்பீடு பற்றிய 1980-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளைப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று கணக்குச் சொல்வது அதுதான். பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத நிபந்தனைகளில் முதலாளி மீண்டும் வேலை கொடுக்க முன்வந்து, தொழிலாளி நியாயமின்றி மறுத்தால் அந்த இழப்பீடு கிடையாது என்று அவ்விதிகள் கூறுகின்றன. 'நியாயமின்றி' என்னும் சொல்லைக் கவனியுங்கள். நியாயத்தோடு மறுக்கவும் முடியும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

எது நியாயம் என்பதற்கு அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1988-இல் 168-ஆம் உடன்படிக்கையில் ஒரு பட்டியல் தந்தது. வந்த வேலை பொருத்தமானதா என்று பார்க்கும்போது வயது, பழைய தொழிலில் இருந்த காலம், பெற்ற அனுபவம், வேலையின்றி இருந்த காலம், வேலைச் சந்தையின் நிலை, குடும்பச் சூழல் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. நல்ல பட்டியல்தான். ஆனால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி 'கருதினேன், பொருத்தமே' என்று சொல்லி விட்டால் தொழிலாளி என்ன செய்வார்? அதனால்தான் எனக்கு ஜெர்மனியின் முறை பிடித்திருக்கிறது. அங்கே எண்களால் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று மாதங்களில் பழைய சம்பளத்தைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த வேலையை மறுக்கலாம். அடுத்த மூன்று மாதங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மறுக்கலாம். ஏழாம் மாதத்திலிருந்து, கைக்கு வரும் சம்பளம் உதவித்தொகையைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே மறுக்கலாம். முழுநேர வேலைக்குப் போக வர இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஆவது பொதுவாக மிகை என்று கருதப்படுகிறது. தூரத்தைச் சட்டத்தில் எழுதப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை கொடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் 10 விழுக்காடு கூடுதல் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

ஜெர்மன் அளவுகோலை எடுத்து அம்மாவின் கதையில் வைத்துப் பார்த்தேன். 2,800-லிருந்து 1,500 என்பது 46 விழுக்காடு வீழ்ச்சி. வந்ததோ இரண்டாம் மாதத்தில். பயணம் மூன்று மணி நேரம். பாட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அம்மா வழக்கில் வென்று விட்டார்!

பினாங்குக்கு இது ஏன் முக்கியம் என்றால், 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய நாள் முதல் நம் குடும்பங்கள் பல மின்னணுத் தொழிற்சாலைகளை நம்பியே வாழ்கின்றன. அத்தொழிலோ உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. 1985-லும் 2001-லும் 2009-லும் வேலையிழந்தவர்களுக்கு இந்தக் காப்புறுதி கிடையாது. வந்ததைப் பிடித்துக் கொண்டார்கள். 15 ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் பதித்துக் கற்ற கைத்திறன், அவசரத்தில் பிடித்த முதல் வேலையோடு வீணாய்ப் போனால் நட்டம் அவருக்கு மட்டுமா? இரண்டு மாதம் பொறுத்துத் தகுந்த வேலையில் சேர்பவர் சந்தாவையும் கூடுதலாகக் கட்டுவார். அத்துடன், மனச்சான்றுக்கு ஒவ்வாத வேலையையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். பரம்பரையாகச் சைவம் உண்பவரை இறைச்சி வெட்டும் கூடத்திற்கோ, முஸ்லிம் நண்பரை மதுபான ஆலைக்கோ அனுப்பிவிட்டு 'மறுத்து விட்டார்' என்று கோப்பை மூடக் கூடாது. அதற்காக 'ஏர்கோன் இல்லை, சனிக்கிழமை வேலை' என்பதெல்லாம் மனச்சான்று ஆகி விடாது.

இந்த அளவுகோல் இரு பக்கமும் வெட்டும் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. 2024 பிப்ரவரியில், ஐந்தாம் மாதத்தில், அம்மாவுக்கு இன்னொரு வேலை வந்தது. பாயான் லெப்பாசிலேயே ஒரு சிறிய தொழிற்சாலை. பகல் வேலை. 2,000 ரிங்கிட். ஆபரேட்டர் பதவி. அம்மா அதையும் மறுத்தார். "பத்துப் பேரை மேய்ச்சவ, மறுபடியும் போய் லைன்ல உக்காரணுமா?" என்றார். அந்த வேதனை எனக்குப் புரிந்தது. ஆனால் 2,800-லிருந்து 2,000 என்பது 29 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வீழ்ச்சி. அம்மா அப்போது வாங்கியது 840. அதே ஜெர்மன் கணக்குப்படி அந்த வேலை பொருத்தமானதே. மறுப்பது அவர் விருப்பம். ஆனால் மற்றவர் பணத்தில் மறுப்பதற்கு அன்று அவரிடம் நியாயம் இருக்கவில்லை. பதவிப் பெயர் குறைவது சம்பளம் குறைவதைப் போன்ற இழப்பன்று என்பது என் எண்ணம். முதல் மறுப்புக்கு மாமாவிடம் அம்மாவுக்காக வாதாடிய நான், இரண்டாம் மறுப்புக்கு வாயடைத்துப் போனேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். எந்த மாதத்தில் எவ்வளவு சம்பளக் குறைவு வரை ஏற்க வேண்டும், எத்தனை மணி நேரப் பயணம் வரை ஏற்க வேண்டும், வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் இரவு வேலையை மறுக்கலாமா என்பனவற்றை ஒரே தாளில், எண்களோடு, உதவித்தொகைக்கு விண்ணப்பம் செய்யும் நாளிலேயே ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். தமிழிலும் ஒரு பிரதி இருந்தால் அம்மாவைப் போன்றவர்கள் தாங்களே படித்துக் கொள்வார்கள். பிள்ளை விடுதியிலிருந்து வரும் வரை காத்திருக்க மாட்டார்கள்.

இக்கட்டுரையின் கையெழுத்துப் படியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மார்ச் மாதத்தோடு உதவித்தொகை முடிந்து, இரண்டு மாதம் சும்மா இருந்து, ஜூனில் 1,600 ரிங்கிட்டுக்கு ஒரு துணிக்கடையில் சேர்ந்தவர் அவர். இரண்டாம் வேலையைப் பற்றிய பகுதி வந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கிக் கொண்டார். எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். "கணக்குச் சரிதான்" என்றார். பிறகு, "முன்னமே யாராவது இப்படி எழுதிக் காட்டியிருந்தா போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாட்டிக்குக் கஞ்சி ஆற்றப் போய் விட்டார்.