ஏழடி வண்டியும் பத்தடி ஒழுங்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகள் மாட்டு வண்டிக்கும் நடந்து செல்வோருக்கும் என அமைந்தவை. அவற்றினுள் இன்று லாண்ட் குறூசர், பஜீரோ, டிபென்டர் முதலான பெரிய ஜீப் வண்டிகள் நுழைந்து செல்வதைக் காண்கின்றோம். வண்டி வாங்குவது அவரவர் விருப்பம். செலவாவது அவரவர் பணம். அதில் தலையிட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வீதி தனியொருவரின் உடைமை அன்று. ஊரார் அனைவரதும் பொதுச் சொத்து. வண்டி படலையைத் தாண்டி வீதியில் இறங்கிய கணத்திலிருந்து அதனைப் பற்றிப் பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அவ்வுரிமையைக் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

பொறாமையால் எழுதுகின்றோம் என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. அத்தகைய வண்டி ஒன்று எம்மிடமும் உண்டு. பூநகரிப் பக்கத்து வயலுக்கு மாரி காலத்தில் மண் பாதையிற் சென்று வரவேண்டிய தேவை இருந்தமையால் அதனை வாங்கினோம். ஆண்டுகள் பலவாகச் செலுத்தி வருகின்றோம். அதன் சுகத்தையும் அறிவோம், சுமையையும் அறிவோம்.

சுகத்தை முதலிற் சொல்லிவிடுவது நீதி. உயரத்தில் அமர்ந்து செலுத்தும்போது பாதை தெளிவாகத் தெரிகின்றது. பள்ளமும் மேடும் முதுகை வருத்துவதில்லை. 2024 நவம்பரில் பெருமழை பெய்து தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தபோது, சிறிய கார்கள் நின்றுவிட்ட இடங்களைக் கடந்து நோயாளரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுசெல்ல எமது வண்டி உதவியது. வயலுக்கும் வெள்ளத்துக்கும் அது நல்ல தோழன். இதனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆனால் ஓர் ஆண்டில் வெள்ளம் எத்தனை நாள்? வயற் பயணம் எத்தனை நாள்? எஞ்சிய நாள்களில் இந்த வண்டி செய்வது யாது? பாண் வாங்கக் கடைக்குச் செல்கின்றது. பிள்ளையைப் பாடசாலையில் இறக்குகின்றது. திருநெல்வேலிச் சந்தையில் நிறுத்த இடமின்றி அலைகின்றது. வாசகர்கள் எம்முடன் சேர்ந்து ஒரு சிறு கணக்கைப் பார்ப்பார்களாக. முழு அளவிலான ஜீப் ஏறத்தாழ 5 மீற்றர் நீளமும் 2 மீற்றருக்குச் சற்றே குறைந்த அகலமும் இரண்டரைத் தொன் எடையும் உடையது. இருபுறத்துக் கண்ணாடிகளையும் விரித்தால் அகலம் ஏழு அடிக்குக் குறையாது. எமது ஒழுங்கையோ பத்து அடி. மிஞ்சுவது மூன்று அடி. அந்த மூன்று அடியை இரு பக்கமும் பங்கிட்டால் பக்கத்துக்கு ஒன்றரை அடி. எதிரே துவிச்சக்கர வண்டியில் வரும் மாணவி எங்கே செல்வாள்? ஒன்று வேலியில் சாயவேண்டும்; அன்றேல் வெள்ளவாய்க்காலில் இறங்கவேண்டும். நாள்தோறும் இதுவே நிகழ்கின்றது. ஒரு முறை ஒழுங்கை முடக்கில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை வண்டியைத் திருப்ப நாம் முயன்றபோது, படலையடியில் நின்ற முதியவள் ஒருத்தி, “தம்பி, உது காரோ, வீடோ?” என்று கேட்டாள். ஊரின் தீர்ப்பு அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

இனிச் சுமையைக் காண்போம். பெரிய வண்டியைக் கண்டதும் மீன் சந்தையில் விலை ஏறுகின்றது. கராஜில் கூலி ஏறுகின்றது. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை நாட்கணக்கிற் காத்திருக்க நேர்கின்றது. இவையெல்லாம் சிறியவை. 2022ஆம் ஆண்டு வந்த எரிபொருட் பஞ்சம் பெரிய பாடத்தைக் கற்பித்தது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்தது. பின்னர் கியூஆர் முறையிற் பங்கீடு தொடங்கியபோது, முதலில் காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் அளிக்கப்பட்டன. எமது வண்டி லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும். 20 லீற்றரில் 160 கிலோமீற்றர். அதாவது யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகலாம். திரும்பி வர இயலாது. எமது பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளோ 4 லீற்றரில் 180 கிலோமீற்றர் ஓடியது. ஐந்து மடங்கு எண்ணெயைக் குடித்தும் அந்தச் சிறு வண்டியின் தூரத்தை எமது பெரு வண்டியால் எட்ட முடியவில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்று எம் முன்னோர் சொல்லி வைத்தது வீண்போகவில்லை.

இப்பாடத்தைக் குடாநாடு முன்பே ஒரு தடவை கற்றிருந்தது. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை எம்மை இறுக்கியபோது பெற்றோல் மருந்துக்கும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் எம்மை வாழவைத்த வண்டிகள் எவை? ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்னும் பழைய சிறு கார்கள். சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர் எம் சாரதிகள். ஏ40 சொமசெற் காரின் அகலம் ஐந்தேகால் அடி. எடை ஏறத்தாழ ஒரு தொன். பத்தடி ஒழுங்கை அதற்குப் போதுமானதாக இருந்தது. அக்கார்களும் ஓடாத இடங்களில் துவிச்சக்கர வண்டி ஓடியது. அதுவே விறகு சுமந்தது, நெல்லு மூட்டை சுமந்தது, நோயாளரைச் சுமந்தது. அதன் டைனமோவைச் சுழற்றியே இரவில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அந்த ஒற்றை வழியில் மூட்டை முடிச்சுகளைத் தாங்கிச் சென்றதும் அந்த இரு சில்லு வண்டியே. எளிய வண்டியை இழிவாக நோக்கும் உரிமை வேறு எந்த ஊருக்கு இருந்தாலும் யாழ்ப்பாணத்துக்கு இல்லை.

மற்றுமொன்றையும் சொல்லியாகவேண்டும். பெரிய வண்டியும் கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்து வரும்போது எம்மக்களின் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடுகின்றது. உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாத வண்டி வந்து நின்றால், அடுத்து என்ன நிகழும் என்று அஞ்சி வாழ்ந்த ஆண்டுகள் பல. அது வீண் அச்சம் அன்று, பட்டறிவு. போர் 2009இல் முடிந்தது. ஆனால் அந்த நினைவு அதே ஆண்டில் முடிந்துவிடவில்லை. ஆகவே ஊருக்குள் வரும்போதாவது கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டிச் செல்வது பெரிய வண்டிக்காரரின் கடமை என்போம்.

இக்கடமை மக்கட் பிரதிநிதிகளுக்கு இருமடங்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர்க்குத் தீர்வைச் சலுகையுடன் வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதிப் பத்திரம் நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. அப்பத்திரங்களிற் பல கைமாறிப் பணமானமை நாடறிந்த செய்தி. சாதாரண மக்களுக்கு 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை காரின் இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்தது. 2025இல் ஜனாதிபதி செயலகத்தின் ஆடம்பர வாகனங்கள் ஏலத்தில் விடப்பட்டன. தென்னிலங்கையில் இக்கேள்வி எழுந்து ஒரு விடையும் கிடைத்திருக்கையில், வடக்கில் நாம் இன்னமும் தலைவரின் பெருமையை அவரது வண்டிச் சில்லின் உயரத்தால் அளந்துகொண்டிருப்பது வெட்கத்துக்குரியது. மக்களுக்காக வாதாடுவோர் மக்கள் ஏறும் பஸ்ஸில் மாதம் ஒரு தடவையாவது ஏறட்டும். அப்பொழுது பஸ் எத்தனை மணிக்கு வருகின்றது, வருகின்றதா என்பதும் அவர்களுக்குத் தெரியவரும்.

உலகம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பொனற் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயர்ந்து சரிந்த முகமுடைய வண்டி மோதுவதைவிட, நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு கூடும் என்று அது கண்டது. சிறு கார் காலில் மோதும். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் மோதும். இதுவே காரணம். பாரிஸ் நகர மக்கள் 2024 பெப்ரவரி 4ஆந் திகதி வாக்களித்து, வெளியிலிருந்து வரும் கனத்த வண்டிகளின் தரிப்புக் கட்டணத்தை மும்மடங்காக்கினர். நகர நடுவில் மணிக்கு 18 யூரோ. அகன்ற நெடுவீதிகள் உள்ள பாரிஸே தன் நகருக்கு இவ்வண்டி பெரிது என்று முடிவு செய்துவிட்டது. லா சப்பலில் உழைத்து அனுப்பும் எம்மவரின் பணத்தில் கொக்குவில் ஒழுங்கைக்கு அதே வண்டியை நாம் இறக்குகின்றோம். இது சிந்திக்கத் தக்கது.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று மெல்ல வளர்ந்து வருகின்றது. வண்டி ஒழுங்கைக்குள் நுழையவில்லை என்றால் ஒழுங்கையை அகட்டு என்னும் குரல் எழுகின்றது. வேலிக் கிளுவையும் பூவரசும் வெட்டப்படுகின்றன. எல்லையில் நின்ற பனை சாய்க்கப்படுகின்றது. வெள்ளவாய்க்கால் மூடப்பட்டுக் கொங்கிறீற் இடப்படுகின்றது. பின்னர் மாரி வந்ததும், வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்று முறையிடுகின்றோம்! வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மழை நீர் மண்ணுக்குள் இறங்கினாற்றான் கிணற்றில் நீர் இருக்கும். வாய்க்காலை மூடுவோர் தம் கிணற்றையே மூடுகின்றனர். அம்புலன்ஸ் வண்டியும் தீயணைப்பு வண்டியும் செல்ல வழி வேண்டும் என்பதை நாம் ஏற்கின்றோம். அதற்கு முடக்குகளைச் சீர்செய்து, இடையிடையே விலகி நிற்க இடம் விட்டாற் போதும். ஒருவர் தனித்து அமர்ந்து செல்லும் ஜீப்புக்காக ஊரின் வேலிகள் எல்லாம் பின்வாங்கவேண்டியதில்லை.

2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சி சபையினருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. பாடசாலை தொடங்கும் வேளையிலும் முடியும் வேளையிலும் அயல் ஒழுங்கைகளுக்குள் பெரிய வண்டிகள் நுழையாதிருக்கப் பொலிசாருடன் கூடி ஒழுங்கு செய்யுங்கள். வாய்க்காலை மூடும் திட்டம் எதனையும் அவ்வொழுங்கை மக்களின் சம்மதமின்றி நிறைவேற்றாதீர்கள். வண்டியுடைய அன்பர்களுக்கும் ஒரு சொல்: சந்தியில் நிறுத்திவிட்டு நூறு யார் நடந்து வீடு சேர்வதால் மதிப்புக் குறைந்துவிடாது. நாமும் பாடசாலை வேளையில் அவ்வாறே செய்கின்றோம். எதிரே வருபவர் நடந்து வந்தாலும் சைக்கிளில் வந்தாலும், நின்று வழி விடவேண்டியவர் பெரியவரே.

வலியவன் விலகி நிற்க எளியவன் அஞ்சாது செல்லும் வீதியே நாகரிகமான வீதி. தமக்கு உரிய இடத்தைக் கேட்டுப் போராடிய மக்கள் நாம். அவ்விடத்தை எம் ஊர்ச் சிறுமிக்கு எம் ஒழுங்கையிலே மறுப்போமாயின், வேறு எவரிடம் எந்த முகத்தோடு நீதி கேட்போம்?