முகம் திருப்பிய பெருமாள்



செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் ஞாபகம் வரும். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை அதுதான். போகிறவர்களில் பலர் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் ஏறி இறங்கி, கல்யாண மகால் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிங்கவரத்துக்குப் போகிறவர்கள் குறைவு. நான் இந்த மாதம் சொல்ல நினைப்பது அந்தச் சிங்கவரத்தைப் பற்றித்தான்.

அங்கே குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கோயில் ஒன்று இருக்கிறது. படி ஏறிப் போனால் உள்ளே ரங்கநாதர் படுத்திருக்கிறார். வேறெங்கோ செதுக்கிக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை, மலையின் கல்லிலேயே வடித்தது. 24 அடி நீளம் என்கிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது. கண் பழகியபின்தான் பாதம், இடுப்பு, மார்பு என்று ஒவ்வொன்றாகப் புலப்படும். கடைசியில் முகம். அது நம்மை நேராகப் பார்க்கவில்லை, திரும்பியிருக்கிறது.

ஏன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தேசிங்கு ராஜா சண்டைக்குப் போகுமுன் பெருமாளிடம் உத்தரவு கேட்க வந்தார். பெருமாளுக்கு அதில் சம்மதமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராஜா கேட்கவில்லை, போனார். திரும்பி வரவில்லை.

தேசிங்கு கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூத்தில் பார்த்திருப்பார்கள். எம்.ஜி.ஆர். நடித்த படமும் 1960-ல் வந்தது. சரித்திரத்தில் அவர் பெயர் தேஜ் சிங், புந்தேலா ராஜபுத்திர வம்சம். அப்பா சொரூப் சிங் இறந்ததும் செஞ்சியின் பொறுப்புக்கு வந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார், இவர் தரமாட்டேன் என்றார். 1714-ல் போர். 22 வயதில் களத்திலேயே விழுந்தார். இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

கணக்குப் பார்க்கிற வாசகர்கள் உடனே ஒன்று கேட்பீர்கள். பல்லவர் காலம் எங்கே, 1714 எங்கே? நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கிறதே, சிற்பி அன்றைக்கே அப்படித்தானே செதுக்கியிருப்பான்? நியாயமான கேள்வி. கல் திரும்பியதா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. என்னை யோசிக்க வைப்பது வேறு விஷயம்.

இருபத்திரண்டு வயதுப் பையன், ஊரே செல்லமாகப் பார்த்த ராஜா, வணங்கிய சாமியின் கண்ணெதிரே செத்துப்போனான். அந்த ஊர் ஜனங்கள் என்ன சொல்லியிருக்கலாம்? 'சாமி கைவிட்டுவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். 'இந்தச் சாமிக்குச் சக்தி இல்லை' என்று சொல்லிவிட்டு வேறு கோயில் பக்கம் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றார்கள். அந்த முகத்தைப் பார்க்க முந்நூறு வருஷமாகப் படி ஏறிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அம்மா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிள்ளை அழும், முந்தானையைப் பிடித்து இழுக்கும். ஆனால் அம்மா வீட்டில் இல்லை என்று அது ஒருநாளும் நினைக்காது. சிங்கவரத்து ஜனங்களின் நம்பிக்கையும் ஏறக்குறைய அப்படித்தான். பேசாமல் இருக்கிறார், ஆனால் இருக்கிறார்.

நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் பாதிக்குமேல் இந்த விஷயம்தான் வேறு வேறு வேஷத்தில் வருகிறது. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை, ஒவ்வொரு கிருத்திகையும் விரதம் இருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருஷம், போகாத கோயில் இல்லை. வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், விளக்கேற்றும்போது கை நடுங்குகிறது. கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும்: அவர் கேட்கிறாரா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் பதில் ரெடியாக இருக்கிறது. 'கடவுள் தன் பிள்ளைகளைத்தான் சோதிப்பார்.' 'தாமதம் என்றால் மறுப்பு இல்லை.' கீழே இரண்டு கூப்பிய கை, ஒரு ரோஜாப்பூ. அனுப்புகிறவர் மனசு நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண் அதைப் படித்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்களேன்.

தேசிங்கு கதையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ராஜா கேட்டார், சாமி 'வேண்டாம்' என்றது, மீறினார், அழிந்தார். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாருடைய கஷ்டமும் இந்தக் கதைக்குள் அடங்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், முருகன் கோயிலுக்குப் பேர்போன மயிலத்தில், ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன, பயிர் மூழ்கியது, தென்பெண்ணை கரைமீறியது. மறுநாள் திருவண்ணாமலையில், தீபம் ஏற்றும் அந்த மலையின் அடிவாரத்திலேயே, மண் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் உண்டு. அவர்கள் எந்த உத்தரவை மீறினார்கள்? எந்தத் தப்புக்குத் தண்டனை? இதற்கு விளக்கம் சொல்ல வருகிற யாரையும் நான் நம்புவதில்லை. ஆன்மிகச் சொற்பொழிவாளரானாலும் சரி, நாத்திகம் பேசுகிற நண்பரானாலும் சரி, அந்த வீட்டு வாசலில் நின்று விளக்கம் சொல்ல இருவருக்குமே வாய் வரக்கூடாது.

சரி, விளக்கம் இல்லாமல் நம்ப முடியுமா?

நம் பெரியவர்கள் நம்பியிருக்கிறார்கள், அதுவும் திட்டிக்கொண்டே நம்பியிருக்கிறார்கள். சுந்தரர் கதை தெரியும்தானே? உன்னைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில், தான் மணக்க இருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு ஊரைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலில் இருக்கிறீரா என்று சிவனைக் கேட்டார். கண் வரவில்லை. 'இருக்கிறோம், நீ போ' என்கிற மாதிரி ஒரு பதிலும், கையில் ஊன்ற ஒரு கோலும்தான் கிடைத்தன.

தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர். அவருக்கே கிடைத்தது ஒரு குச்சி! கோபம் வராதா? அந்தக் கோலை அவர் வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தலக்கதை சொல்கிறது. இடது கண் காஞ்சிபுரத்தில் வந்தது, வலது கண் திருவாரூர் போய்ச் சேர்ந்த பிறகு. அதுவரைக்கும் நடை, ஏச்சு, பாட்டு. பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய திருவெண்பாக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. சாமியைப் பூண்டிக்கு மாற்றி வைத்தார்கள். பெயர் ஊன்றீஸ்வரர். கண்ணைக் கொடுத்த பெருமையை விட்டுவிட்டு, கோல் கொடுத்ததற்காக ஒரு சாமிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் நம் ஜனங்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கக் காரணம், அதில் யாரும் நல்ல பிள்ளையாக நடிக்கவில்லை. 'உனக்குக் கண்ணில்லையா?' என்று மாரியம்மன் கோயில் வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிற பெண்ணைப் பார்த்து யாராவது அவளுக்குப் பக்தியில்லை என்பார்களா? இல்லாத ஆளிடம் யாரும் சண்டை போடமாட்டார்கள். ஆகவே கோபம் வந்தால் திட்டுங்கள். பூஜையறையில் மனசுக்குள் ஒன்று, வாயில் ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சாமி பேசாமல் இருக்கிற நேரம் பார்த்துத்தான் சாமிக்காகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். இந்த ஹோமம் செய்யுங்கள், அந்த ஊர் போய்ப் பரிகாரம் பண்ணுங்கள், இந்தத் தகட்டை வாசலில் புதையுங்கள். கழுத்துச் செயினை அடகு வைத்துப் பரிகாரம் செய்த குடும்பங்கள் உங்கள் தெருவிலும் இருக்கும். வேண்டுதல் வேறு, வியாபாரம் வேறு. ஒரு ரூபாய்க் கற்பூரத்துக்குக் கேட்காத சாமி, இருபதாயிரம் ரூபாய் பில்லுக்குக் கேட்குமா? அதேபோல, வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி மருந்தை நிறுத்தாதீர்கள். தூக்கமில்லாமல், சாப்பாடு பிடிக்காமல், எதற்கு இருக்கிறோம் என்கிற நினைப்பு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அதைப் பக்திக் குறைவு என்று நினைக்கவேண்டாம். டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச போன் சேவை இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

மறுபடி கோட்டைக்கு வருகிறேன். அடிவாரத்தில் வெங்கட்ரமணர் கோயில் என்று பெரிய கோயில் ஒன்று இருக்கிறது, நாயக்கர் கட்டியது. கோபுர வாசலில் பாற்கடல் கடைகிற காட்சியும் ராமாயணச் சிற்பங்களும் இன்றும் பார்க்கலாம். அங்கிருந்து பெயர்த்த கல்தூண்கள்தான் புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை என்பார்கள். கட்டும்போது எத்தனை படாடோபமாக இருந்திருக்கும்! இன்று அங்கே நித்திய பூஜை இல்லை. ஆனால் அதே ராஜகிரிக்கு ஏறுகிற வழியில் கமலக்கண்ணி அம்மன் என்று ஒரு சின்னக் கோயில். கோட்டை வருவதற்கு முன்பே அங்கே இருந்தவள் என்று நம்பிக்கை. நாயக்கர் போய் பீஜப்பூர் சுல்தான் வந்தார், 1677-ல் சிவாஜி வந்தார், 1698-ல் மொகலாயர் வந்தார்கள், 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் இங்கிலீஷ்காரர்கள். யார் வந்தால் என்ன, யார் போனால் என்ன? அவளுக்குப் பூவும் பொங்கலும் கொண்டுபோகிற சுற்றுக்கிராமத்து ஜனங்கள் நிறுத்தவில்லை.

அதில் பெரிய தத்துவம் ஏதுமில்லை, பழக்கம்தான். ஆனால் கஷ்டகாலத்தில் பழக்கம் பெரிய துணை. மனசு ஒட்டாவிட்டாலும் வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிடுகிற பெண்ணுக்கு அது தெரியும். பக்கத்திலேயே மேல்மலையனூரில் பாருங்கள், அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம் பௌர்ணமியில் இல்லை. மாதாமாதம் அமாவாசை ராத்திரியில்தான். நிலா இல்லாத இரவாகப் பார்த்துத்தான் கூட்டம் பஸ் பிடித்து வருகிறது.

தேசிங்கு கதையில் இன்னொருவரையும் மறக்கக் கூடாது. நண்பர் மகபத்கான். கதைப்பாட்டில் அவருக்குக் கல்யாணம் நடக்கிற நேரத்தில்தான் போர்ச் செய்தி வருகிறது. மணக்கோலத்தைக் கலைத்துவிட்டுக் குதிரை ஏறினார். நண்பன் பக்கத்தில் சண்டை போட்டுச் செத்தார். பெருமாள் முகம் திருப்பிக்கொண்ட அந்த நாளிலும் ராஜா தனியாகப் போகவில்லை. கூடப் போனவர் ஒரு முஸ்லிம். இந்தக் கதையைப் பாடியவர்கள் அந்த ஒரு வரியை விட்டிருக்கலாம். விடவில்லை.

உங்கள் அக்கம்பக்கத்திலும் இந்த மாதம் யாராவது ஒருவர் சாமி பேசவில்லையே என்று உட்கார்ந்திருப்பார். அவர்களிடம் போய்த் தத்துவம் பேசவேண்டாம். டிபன் கேரியரில் ரசமும் சாதமும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி மாற்றி உட்காருகிறேன் என்று சொல்லுங்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வாருங்கள். 'ஏன் இப்படி?' என்று அவர்கள் கேட்டால், தெரியலையே என்று சொல்லலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிரார்த்தனை பலித்த கதைகள் நமக்கு நிறைய வருகின்றன, சந்தோஷமாகப் போடுகிறோம். அடுத்த இதழுக்கு வேறு மாதிரி எழுதுங்கள். வேண்டியது நடக்காமலே போன வருஷங்களை எப்படிக் கடந்தீர்கள், அப்போது யார் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், கோயிலுக்குப் போவதை நிறுத்தினீர்களா, நிறுத்தியிருந்தால் திரும்பப் போனீர்களா? திட்டி எழுதினாலும் பரவாயில்லை. பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் அப்படியே அச்சில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்