திறமை யாருடையது?

இணையப் பணவிளையாட்டுகள் தடைசெய்யப்படுவதற்கு முந்தைய மாதங்களில், விடுதியில் என் பக்கத்து அறை ஆய்வாளர் தமது மேசைக்கு மேல் ஓர் அட்டவணையை ஒட்டிவைத்திருந்தார். பதின்மூன்று வரிசை, பதின்மூன்று பத்தி. போக்கரில் முதலில் கைக்கு வரும் இரு சீட்டுகளில் எவற்றை ஆடலாம், எவற்றைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று அது சொன்னது. அதை அவர் பிழையின்றி மனனம் செய்திருந்தார். நான்கு மாத உதவித்தொகையையும் இழந்தார்.

அட்டவணை பொய்யன்று. 52 சீட்டுகளில் 1326 இணைகள் அமையும். சின்னங்களின் பெயரைப் புறக்கணித்தால் அவை 169 வகைகளாகச் சுருங்கும். சொல்வகைக்கும் சொல்வருகைக்கும் நாம் காணும் வேறுபாடே இங்கும் உண்டு: இரட்டைச் சீட்டு ஒவ்வொன்றும் 6 வழிகளில் வரும்; ஒரே சின்னத்து இணை 4 வழிகளில்; வேறு சின்னத்து இணை 12 வழிகளில். இரண்டு ஏஸ் சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறையே வாய்க்கும்.

பொருளை இடம் தீர்மானிப்பதும் மொழியை ஒத்ததே. ராஜாவும் ஜாக்கியும் புதியவரை மயக்கும். ஆனால் முதலில் பந்தயம் கட்ட வேண்டிய இருக்கையில் அது ஆபத்தான கை. பின்னால் இருப்பவரிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால், பொதுச் சீட்டாக விழும் ராஜா இருவருக்கும் இணை சேர்க்கும்; துணைச்சீட்டில் நாம் தோற்போம். அதே கையைக் கடைசி இருக்கையில், முன்னவர்கள் கவிழ்த்த பின், துணிந்து ஆடலாம். ஆகவே இத்தேர்வில் திறமை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு ஒரு சொல்லாட்சியைப் பற்றியது. 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறன் சார்ந்த ஆட்டம் என்றது. போக்கரைக் குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அவ்வாறு ஏற்க மறுத்தது. இவ்வழக்குகளில் ‘திறன்’ என்பது ஆட்டத்தின் பண்பு. விளம்பரங்களில் அதே சொல் ஆடுபவரின் பண்பாயிற்று. ‘இது திறமைக்கான ஆட்டம்’ என்பதை என் நண்பர் ‘எனக்குத் திறமை உண்டு’ என்று கேட்டுக்கொண்டார்.

திறமை ஒப்பீட்டளவிலானது. எல்லோரும் அதே அட்டவணையைக் கற்றிருந்தால் அதனால் எவருக்கும் மேன்மை இல்லை; ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் தளம் எடுத்துக்கொள்ளும் கழிவினால் சராசரி ஆட்டக்காரர் இழப்பார். தொடக்கக் கை முதல் முடிவை மட்டுமே வழிநடத்தும். அதற்குப் பின் மூன்று சுற்றுப் பந்தயங்கள் உள்ளன. இரண்டு ஏஸ்கூட, கடைசிவரை நிற்கும் ஒருவருக்கு எதிராக நூற்றுக்கு 85 முறை வெல்லும்; ஒன்பது பேருக்கு எதிராக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெல்லும்.

2025ஆம் ஆண்டுச் சட்டம் திறன், வாய்ப்பு என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் வைத்தாடுவதைத் தடைசெய்தது. அதை வரவேற்கிறேன், ஆயினும் அது போதாது. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமானபோதுதான் அவர் ஆடத் தொடங்கினார். அந்தத் தாமதம் இன்றும் தொடர்கிறது. தடையால் தளங்கள் மூடப்படலாம். அறிவாளி தோற்கமாட்டான் என்னும் நம் நம்பிக்கை மூடப்படுவதில்லை.

உங்கள் துறையில் எவரேனும் தமது ஆட்டத்திறனைப் பற்றிப் பேசினால், அட்டவணையைக் கேட்காதீர்கள். ஆறு மாத வரவுசெலவைக் கேளுங்கள். கண்டிக்காமல் கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.