ஜெர்மன் மறுப்புக்குத் தமிழ் வழி

செவிலியர் வேலைக்கென்றும் மேற்படிப்புக்கென்றும் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் இப்போது நம் ஊர்களில் நிறையப் பேர். என் அண்ணன் மகளும் படிக்கிறாள். அவளுடைய நோட்டில் மறுப்பு வாக்கியங்களுக்கான விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஒரு பாடத்தையாவது தமிழ் வழியாக நடத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரிடம் ‘எழுந்திருக்கக் கூடாது’ என்று ஒரு செவிலியர் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘மஸ்ட் நாட்’ என்று பழகியவர், அதே சாயலில் இருக்கும் ‘ம்யுஸன் நிஷ்ட்’டைத்தான் எடுப்பார். ‘ஸீ ம்யுஸன் நிஷ்ட் அவுஃப்ஷ்டேயன்’ என்றால் ‘நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை’ என்று பொருள். விரும்பினால் எழலாம் என்றே நோயாளி எடுத்துக்கொள்வார். தடை சொல்ல ‘ட்யுர்ஃபன் நிஷ்ட்’ வேண்டும். ‘வேண்டியதில்லை’, ‘கூடாது’ என்று நாம் தனித்தனியாக வைத்திருக்கும் இரண்டையும் ஜெர்மனும் அப்படியே தனித்தனியாக வைத்திருக்கிறது. நடுவில் ஆங்கிலம் வந்து நின்றால்தான் குழப்பம்.

அடுத்தது மறுப்புச் சொல்லான ‘நிஷ்ட்’ எங்கே நிற்கும் என்ற கேள்வி. இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்பதற்கு ‘இஷ் கென்ன டீஸன் மான் நிஷ்ட்’ என்பார்கள். தெரியும் என்ற வினை முன்னால் வந்துவிடுகிறது; மறுப்பு கடைசியில்தான் வருகிறது. வாக்கியம் முடியும்வரை காத்திருந்து கேட்கும் பழக்கம் நம் காதுக்கு ஏற்கெனவே உண்டு. ஆனால் எல்லா நேரமும் ‘நிஷ்ட்’ கடைசிக்குப் போவதில்லை. வாக்கியத்தின் ஒரு துண்டை மட்டும் மறுக்க வேண்டுமானால் அந்தத் துண்டுக்கு முன்னால் போய் நிற்கும். ‘இஷ் கொம்ம ஹொய்ட்ட நிஷ்ட்’ என்றால் இன்று வரவில்லை. ‘இஷ் கொம்ம நிஷ்ட் ஹொய்ட்ட, ஸொண்டர்ன் மோர்கன்’ என்றால் நான் வருவது இன்று அல்ல, நாளை. இல்லைக்கும் அல்லவுக்கும் நாம் பார்க்கும் வித்தியாசத்தை ஜெர்மன் இங்கே இடத்தை மாற்றிக் காட்டுகிறது. மறுத்த ஒன்றின் இடத்தில் வேறொன்றை வைக்கும்போது சாதாரண ‘ஆனால்’ ஆகிய ‘ஆபர்’ அங்கே செல்லாது. ‘ஸொண்டர்ன்’தான் வர வேண்டும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘கைன்’ என்பது ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஐன்’னின் தலையில் ஒரு ககரத்தை வைத்துச் செய்த மறுப்பு. ‘இஷ் ஹாப கைன் கெல்ட்’ என்றால் என்னிடம் பணம் இல்லை. ‘டாஸ் இஸ்ட் கைன் டீகர்’ என்றால் அது புலி அல்ல. இல்லைக்கும் அல்லவுக்கும் இங்கே ஒரே சொல்தான். குறிப்பிட்ட அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை என்றால் மட்டும் ‘நிஷ்ட்’ திரும்பி வரும். ‘கைன்’ வரும்போது நம் வினையில் இருக்கும் மறுப்பு பெயர்ச்சொல்லின் வாசலுக்குப் போய்விடுகிறது. ‘நீமாண்ட்’ இன்னும் ஒரு படி மேலே. ‘யாரும் இல்லை’ என்பது முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிஷ்ட், சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று 1961 ஜூன் 15 அன்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவருடைய வாக்கியத்தின் முதல் சொல் ‘நீமாண்ட்’. வினையோ ‘உண்டு’ என்னும் ‘ஹாட்’. மறுப்பை முதலிலேயே சொல்லிவிட்டு மீதியை உடன்பாட்டில் முடித்திருக்கிறார். ஆகஸ்ட் 13 அன்று பெர்லினில் எல்லையை அடைத்தார்கள்.

“அத்தை, ‘நீ வரலையா’ன்னு கேட்டா ‘யா’ன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள் அண்ணன் மகள். ‘யா’ என்றால் ஆமாம்; நல்ல கேள்வி. நாம் ‘ஆமாம், வரலை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்று ஒப்புக்கொள்ளும் ஆமாம் அது. ஜெர்மனில் வராதவர் ‘இல்லை’ என்னும் ‘நைன்’ சொல்ல வேண்டும். வருகிறவர் ‘யா’ என்று சொன்னால் கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதற்கென்றே ‘டொஹ்’ என்று ஒரு சிறு சொல் இருக்கிறது: நீங்கள் இல்லை என்று நினைத்தது தவறு, உண்டு. இது ஆங்கிலத்தில் கிடையாது, நம்மிடமும் கிடையாது. ஜெர்மன் படிக்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கற்க வேண்டிய சொல் இது என்பேன்.

‘நிஷ்ட்’டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. முதலில் வினைக்கு முன்னால் ‘நி’ என்ற சிறு துணுக்குதான் மறுத்தது. பிறகு அதன் பலம் குறைய, ‘ஒன்றுமே’ என்ற பொருளில் ‘நிஹ்ட்’ துணைக்கு வந்தது. கடைசியில் பழையது உதிர்ந்து துணைக்கு வந்ததே நிலைத்துவிட்டது. பல மொழிகளில் நடந்த இந்தச் சுழற்சியை டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917-இல் விரிவாக எழுதினார். இடைக்கால ஜெர்மனில் இரண்டு மறுப்புச் சொற்கள் சேர்ந்தே வந்தன. ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. இன்றைய பாடப்புத்தக ஜெர்மனுக்கு அது தவறு. ஆனால் பவேரியப் பேச்சில் ‘ஒருவரும் இல்லை’யும் ‘ஒன்றும் இல்லை’யும் ஒரே வாக்கியத்தில் வரும், யாரும் எதுவும் சொல்லவில்லை என்ற பொருளில். பவேரியாவில் உள்ள ம்யூனிக் மருத்துவமனைக்குப் போகிறவள் இதையும் தெரிந்துகொண்டு போகட்டும். அங்கே ஒரு முதியவர் தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று இரட்டை மறுப்பில் முறையிட்டால், அதை உண்டு என்று கணக்குப் போட்டுவிட்டு நகரக் கூடாது.