கச்சான் கடையில் ஒரு விடுமுறை



வருட முடிவையும் விடுமுறையையும் பற்றி இந்தப் பக்கத்துக்கு எழுதித் தரும்படி ஆசிரியர் அக்கா கேட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கின்ற பிள்ளை, விடுமுறை என்றால் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார். ஆனால் எங்கள் வீட்டில் விடுமுறை என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. ஊரெல்லாம் வேலைக்குப் போகாமல் கோயிலுக்குப் போகின்ற நாளில்தான் அம்மாவுக்கு வேலை அதிகம். என் அம்மா கச்சான் விற்பவர்.

முள்ளியவளைப் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் மண்ணின் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அம்மா பச்சைக் கச்சானை மூட்டையாக வாங்கி, காயவைத்து, பெரிய தாச்சியில் மணல் போட்டு வறுப்பார். மணல் சூடாகும் பதம் தப்பினால் கோது கருகி, உள்ளே பருப்புப் பச்சையாகவே இருக்கும். பிறகு அரித்து, புடைத்து, பைக்கற்றில் அடைக்க வேண்டும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல், ஆவணியில் நல்லூர், மார்கழியில் நத்தார் என்று அம்மாவின் வருடம் திருவிழாவுக்குத் திருவிழா நகரும். என்னுடைய வருடம் விரிவுரை, ஒப்படை, ஆய்வு முன்மொழிவு என்று நகரும். இரண்டும் சந்தித்துக்கொள்வது குறைவு. ஒருமுறை சந்தித்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

2024 ஆம் ஆண்டு தை மாதம் நான் யாழ்ப்பாணத்தில் முதுமாணிப் படிப்புக்குப் பதிவு செய்தேன். முதற் பட்டப்படிப்பு இலவசம். இதற்குக் காசு கட்ட வேண்டும். அம்மா தன் இரண்டு பவுண் காப்பை அடகு வைத்து 90 ஆயிரம் ரூபாய் தந்தார். 2009 இல் எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்த பொருட்களில் மிஞ்சியது அந்தக் காப்பு மட்டும்தான். பாவாடைக் கரைக்குள் வைத்துத் தைத்து, வட்டுவாகல் பாலத்தால் நடந்து, செட்டிகுளம் முகாம் வரை அது வந்தது. அப்பா வரவில்லை. அவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

என் ஆய்வு பெண்களின் கடனைப் பற்றியது. சித்திரையிலும் வைகாசியிலும் புதுக்குடியிருப்புப் பக்கம் வீடு வீடாகப் போய் 32 பெண்களைச் சந்தித்தேன். வினாக்கொத்தில் ஏழாவது கேள்வி விவாக நிலை. திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை, பிரிந்து வாழ்பவர் என்று நான்கு பெட்டிகள். மூன்றாம் நாள் ஒரு அம்மா என் பேனையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டார். "இதில எனக்கு எந்தப் பெட்டி பிள்ளை? அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது." காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பிள்ளையான நான், அந்தக் கேள்வித்தாளை என் கையாலேயே தட்டச்சுச் செய்திருந்தேன். புத்தகத்தில் உள்ள மாதிரியைப் பார்த்து எழுதியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவு எல்லாப் படிவத்திலும் ஐந்தாவது பெட்டி ஒன்றைக் கையால் கீறினேன்.

அந்த 32 பேரிடமும் கேட்டதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், நுண்கடன் நிறுவனங்களிடம் ஒரு இலட்சம் ரூபாய் வரை கடன்பட்டுத் திருப்பிக் கட்ட முடியாதிருந்த பெண்களின் கடனை அரசாங்கம் பொறுப்பேற்றது. மூன்று மாதத்துக்கு மேல் தவணை தவறியவர்களுக்கே அந்தச் சலுகை. நான் சந்தித்த பலர் ஒரு தவணைகூடத் தவறாதவர்கள். அது வசதியால் அல்ல. திங்கட்கிழமை வருபவருக்குக் கட்ட, வெள்ளிக்கிழமை வருபவரிடம் எடுத்திருக்கிறார்கள். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் மானம் போகக்கூடாது என்று ஓடி ஓடிக் கட்டியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. என் அம்மாவும் அப்படித் தவணை தவறாதவர்களில் ஒருவர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இனி நல்லூருக்கு வருகிறேன்.

25 நாள் திருவிழா. அம்மாவும் சித்தியும் சேர்ந்து இடம் எடுத்து, தறப்பாள் கட்டிக் கடை போட்டிருந்தார்கள். இரவில் சொந்தக்காரர் ஒருவரின் விறாந்தையில் படுக்கை. நான் விடுதி அறையில் இருந்தேன். பின்னேரம் கூட மாட உதவிக்குப் போவேன் என்று சொல்லியிருந்தாலும், ஒப்படையைக் காரணம் காட்டி இரண்டு நாள்தான் போனேன். ஒரு மாலை என்னோடு படிக்கும் நான்கு பேருடன் சேலை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவர்களில் இருவரின் பெற்றோர் ஆசிரியர்கள், ஒருத்தியின் தந்தை பொறியியலாளர். கச்சான் கடை வரிசையால்தான் திரும்பி வர வேண்டியிருந்தது. அம்மா புகைக்குள் குனிந்து வறுத்துக்கொண்டிருந்தார், தலையில் துவாய். நான் கதைத்துக்கொண்டே மற்றப் பக்கம் பார்த்தபடி கடந்து போனேன்.

கூட்டம், அவசரம், அவர் வேலையாக நின்றார் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. புதுக்குடியிருப்பில் 32 பெண்களின் முன்னால் பாயில் உட்கார்ந்து "அம்மா, உங்கட தொழில் என்ன?" என்று பணிவாகக் கேட்ட அதே ஆள்தான் நான்.

வருடத்தின் மிச்சம் வேகமாகப் போனது. செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல். 225 பேரில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்கள் தெரிவானார்கள், அதுவே அதுவரை இல்லாத தொகை. பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த ஹரினி அமரசூரிய பிரதமரானார். அம்மாவுக்கு அதில் ஒரு சந்தோஷம், "படிச்ச பெட்டை" என்று. நவம்பர் கடைசியில் மழை தொடங்கி வடக்கையும் கிழக்கையும் வெள்ளம் மூடியது. உயர்தரப் பரீட்சையை இடைநிறுத்தி டிசெம்பர் 4 இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். சித்தியின் மகள் அந்த முறை பரீட்சை எழுதினாள். படித்ததெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் கச்சான் செடிகளுக்குள்ளும் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்றால் கச்சான் அழுகும். பச்சைக் கச்சானின் விலை ஏறியது. அரிசி தட்டுப்பாடு, தேங்காய் ஒன்று 200 ரூபாய் வரை போனது. இதையெல்லாம் அம்மா தொலைபேசியில் சொல்லவில்லை. "நாங்கள் சுகம், நீ கொதிச்சாறின தண்ணி குடி, எலிக்காய்ச்சலாம்" என்று மட்டும் சொன்னார்.

மார்கழி 22 ஆம் திகதி லீவுக்கு வந்தேன். பரந்தனால் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பஸ் வரும்போது வயல்களில் இன்னும் தண்ணீர் மினுங்கியது. வட்டுவாகல் பாலத்தில் ஏறியதும் பஸ்ஸுக்குள் கதை நின்றுவிடும். எத்தனையோ வருடமாகியும் அப்படித்தான்.

வீட்டுச் சுவரில் தொங்கிய கலண்டரை ஆறுதலாகப் பார்த்தது அந்த முறைதான். அம்மா பென்சிலால் குறித்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் "கு", அது குழுக்கடன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு வட்டம். நல்லூருக்கு 25 நாளும் கோடு. மார்கழி 26 இல் ஒன்றும் எழுதாமல் ஒரு சிறிய புள்ளி. புதுக் கலண்டரில், 2025 தை மாதத்தில், "காப்பு" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு. அடகு வைத்து ஒரு வருடம் முடிகின்ற நாள்.

நத்தாருக்கு முதல் நாள் இரவு, தேவாலயத்துக்கு அருகே கடை போட்டோம். நான் பைக்கற் கட்டினேன், அம்மா வறுத்தார். விற்பனை மத்திமம். நத்தார் அன்றும் போனோம். 26 ஆம் திகதி மட்டும் அம்மா அடுப்பு மூட்டுவதில்லை. 2024 இல் அது இருபதாவது வருடம். நாட்டில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமையில், கள்ளப்பாட்டில் எங்கள் வீடும் ஒன்பது வயது அக்காவும் போனார்கள். காலை 9.25 க்கு எல்லோரும் எழுந்து நின்ற இரண்டு நிமிடமும் அம்மா கடலைப் பார்க்கவில்லை, மணலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. உங்களில் பலருக்கு எழுதாமலே தெரியும்.

அன்றிரவு விளக்கை வைத்துக்கொண்டு மிஞ்சிய பைக்கற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, நானாகவே நல்லூர்க் கதையைச் சொன்னேன். இரண்டு வரியில் சொல்லி முடிக்க நினைத்தது, அழுகையில் நீண்டுவிட்டது. அம்மா எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நான் அண்டைக்கே கண்டனான்."

"ஏனம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்ல? நாலு பெட்டையள் வந்தும் ஒருத்தியும் ஒரு பைக்கற் வாங்காமல் போட்டுதுகள். அதுதான் எனக்குக் கவலை."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சற்றுப் பொறுத்து அவரே சொன்னார். "சின்னனில நானும் எங்கட அம்மாவை அப்பிடிப் பாக்காமல் போயிருக்கிறன். அவ கருவாட்டுக் கூடையோட வருவா." அம்மம்மா கருவாடு விற்றதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகுதான் அம்மா தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். நல்லூர்க் கடைக்கு முதல் போட்டது குழுக்கடன். அதைக் கட்ட இன்னொன்று எடுத்திருக்கிறார். காப்புக்கு வட்டி மட்டும் 14 ஆயிரம் சொச்சம். "நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஊரெல்லாம் கேக்கிறாய்" என்றார். இதில் குத்தல் இருந்ததா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றேன். அந்தப் பேச்சுக்கு அம்மா பதிலே சொல்லவில்லை, எழும்பிப் போய் வாசற்கதவைச் சாத்தினார்.

அடுத்த நாள் வினாக்கொத்தை எடுத்து அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். நெருங்கிய உறவினரை ஆய்வில் சேர்க்க முடியாது, அது விதி. ஆனாலும் கேட்டேன். கடன் எத்தனை, யாரிடம், எதற்கு, எந்த நாள். எழுதிக் கூட்டியபோது 1 இலட்சத்து 65 ஆயிரம் வந்தது. அம்மாவே அந்தத் தொகையைக் கேட்டுத் திடுக்கிட்டார், அவர் ஒருநாளும் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்ததில்லை. விவாக நிலைக்கு வந்ததும் நான் கீறிய ஐந்தாவது பெட்டியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலாவது பெட்டியில், திருமணமானவர் என்பதில் தானே புள்ளடி போட்டார்.

தை மாதம் இருவருமாக அடகு வைத்த இடத்துக்குப் போனோம். நத்தார் விற்பனைக் காசுடன், நான் வகுப்பு எடுத்துச் சேர்த்த ஆறாயிரமும் சேர்ந்து வட்டிக்குக் காணும். பவுண் விலை இரண்டு இலட்சத்தைத் தொட்டு நின்ற நேரம். காப்பின் பெறுமதி கூடியிருக்கிறது, விரும்பினால் இன்னும் காசு எடுக்கலாம் என்றார் அங்கிருந்த தம்பி. அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அன்றைக்குக் கை நிறைந்தாலும் அடுத்த வருடம் மீட்கும் தொகைதான் கூடும். சகோதரிகளே, அடகுச் சீட்டைக் கலண்டரில் குறித்து வையுங்கள், முகவரி மாறினால் அறிவியுங்கள். மீட்காத நகையை ஏலம் விடுவதற்கு முன் வரும் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடும். ஏலத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் காசு நகைக்காரிக்கு உரியது, பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வட்டியைக் கட்டி, சீட்டைப் புதுப்பித்துக்கொண்டு வெளியே வந்தோம். காப்பை ஒருமுறை பார்க்கலாமா என்று அம்மா கேட்டார். அதற்கு முறை இல்லை என்றார்கள்.

படிப்பைத் தொடர்வதா என்ற கதை அதன்பின் வீட்டில் எழவில்லை. இரண்டாம் தவணைப் பணத்துக்கு வாரத்தில் மூன்று பின்னேரம் வகுப்பு எடுப்பதென்று நானே முடிவு செய்தேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் யாழ்ப்பாணம் திரும்பினேன். பஸ் ஏறும்போது அம்மா ஒரு பையைத் தந்தார். உள்ளே பன்னிரண்டு பைக்கற் கச்சான், அந்த நாலு பெட்டைகளுக்கும் மற்றவர்களுக்கும். சும்மா கொடுப்பதற்கு அல்ல, ஒன்று நூறு ரூபாய்ப்படி விற்றுக் காசை அனுப்ப வேண்டும் என்பது கட்டளை. அம்மா வறுத்தது என்று சொல்லியே விற்றேன். பதினொன்றுக்குக் காசு வந்தது. பொறியியலாளரின் மகள் மட்டும் நூறு ரூபாய் பாக்கி.