மேடையில் கிரீடம், வாசலில் கேள்வி

ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவையொட்டி விழுப்புரத்தில் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டி நடக்கிறது. அரசியல்வாதிகளும் சினிமாக்காரர்களும் மேடையேறுகிறார்கள். நாம் அதை இளப்பமாகப் பேச வரவில்லை. வீடு துரத்தியவர்கள் தலைநிமிர்ந்து நடக்கும் மேடை அது.

ஆனால் தோழர்களே, கிரீடம் சூடியவர் மறுநாள் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் பார்க்கட்டும். ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடமே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் ஊர். தலித் திருநங்கைக்கு அந்தக் கேள்வி இரண்டு முறை விழும்.

அரசு மட்டும் என்ன? 2014-ல் நால்சா தீர்ப்பு வந்தது. 2015-ல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சேரியில் பிறந்த திருநங்கை அந்தப் பட்டியலுக்குப் போனால் எஸ்.சி. உரிமை போச்சு, எஸ்.சி.யாகவே நின்றால் திருநங்கை என்பதற்குத் தனியாக எதுவுமில்லை. அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தோழர்கள் எல்லாப் பிரிவுக்குள்ளும் உள் இடம் தரும் கிடைமட்ட இட ஒதுக்கீட்டைக் கேட்கிறார்கள். கர்நாடகம் 2021-லேயே 1 சதவீதம் கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில் இங்கும் கொடுக்கச் சொன்னது.

அடுத்த சித்திரையில் அமைச்சர் யாராவது மேடைக்கு வந்தால், செல்ஃபிக்கு முன்னால் அந்த 1 சதவீதம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்போம்.