கள் உணவாகுமா?

“கள் மதுவன்று, உணவு” என்னும் கூற்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நெடுங்காலமாக வழங்கி வருவது. சாராயத்தை வாயாரப் பழிப்போரும் கள்ளைப் பழிப்பதற்குத் தயங்குவர். உடற்சூட்டைத் தணிக்கும், பசியைத் தூண்டும், உண்டதைச் சமிக்கச் செய்யும் என அதற்கு மருந்தின் தகுதியே வழங்கப்பட்டுவிட்டது. தவறணை வாசலிற் பிறந்த இவ்வாதத்தைக் கற்றோர் சிலரும் பனைவளம், பண்பாடு என்னும் பெரும் பெயர்களாற் போர்த்து மேடையேற்றுகின்றனர். ஆதலின் இதனை நுணுகி நோக்குதல் வேண்டும்.

பாளையினின்று சொட்டும் சாறு மதுவன்று என்பது உண்மையே. நூற்றுக்கு 10 பங்களவிற் சர்க்கரை கொண்ட இனிய நீர் அது. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசப்படின் அது நொதியாது கருப்பநீராய் நிற்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு பூசாத முட்டியிலோ, சாறு மரத்தைவிட்டு இறங்குமுன்னரே மதுவங்களும் பற்றீரியாக்களும் அச்சர்க்கரையை மதுசாரமாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. உணவென்று புகழத்தக்கது கருப்பநீர். அப்புகழைக் களவாடி உடுத்திருப்பது கள்.

கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு மற்றொரு புரட்டும் புலப்படும். நன்கு நொதித்த கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு 5 பங்களவில் இருக்கும். எனவே 750 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தலில் ஏறத்தாழ 30 கிராம் மதுசாரம் உண்டு. 100 மில்லிலீற்றருக்குச் சற்று மேற்பட்ட சாராயத்தில் உள்ளதும் அவ்வளவே. பிளாவிற் குடித்ததா, கண்ணாடிக் குவளையிற் குடித்ததா என ஈரல் விசாரிப்பதில்லை. அது மணிக்கு 7 முதல் 10 கிராம் வரையே எரிக்க வல்லது. மாலையில் மூன்று போத்தல் அருந்தி வீடு திரும்பியவன் விடியலில் மண்வெட்டியைத் தோளில் வைக்கும்போதும் அவனது ஈரலின் வேலை முடிந்திராது. அவ்வேலை நடக்குந்தோறும் கொழுப்பை எரித்தல் பின்தள்ளப்படுகின்றது. எரியாத கொழுப்பு ஈரலிலேயே படிகின்றது. ஆண்டுகள் செல்ல அழற்சியும், சிலருக்கு ஈரல் இறுகிச் சுருங்கும் நோயும் தொடர்கின்றன.

இனிச் சமிபாடு. நொதித்த பானங்கள் இரைப்பையில் அமிலச் சுரப்பை மிகுவிக்கும் என்பது பியர், வைன் ஆகியவற்றைக் கொண்டு செய்த ஆய்வுகளிற் கண்டதே. பசி எழுதலும் கூடும். ஆயினும் பசி எழுதல் வேறு, உண்டது சமித்தல் வேறு. மதுசாரம் களத்தின் அடிவாயிலைத் தளர்த்தி அமிலத்தை மேலெழச் செய்கின்றது. இரைப்பையின் உட்சுவரை உறுத்துகின்றது. நெடுநாட் குடியிற் சதையியையும் புண்படுத்துகின்றது. கள்ளிலே பீ வகை விற்றமின்கள் உண்டெனச் சிலர் எடுத்துக்காட்டுவர். உண்டுதான். எனினும் அவற்றுள் ஒன்றான தயமின் குடலினால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதும் அதே மதுசாரமே. வலக்கை கொடுப்பதை இடக்கை பறிக்கும் இக்கொடையை எவ்வாறு உணவென்பது?

குடாநாட்டிற்கு இதிலே தனியானதொரு கேடும் உண்டு. கள்ளருந்தும் வாயே சுருட்டுக்கும் வெற்றிலை புகையிலைக்கும் உறைவிடமாகின்றது. மதுபானம் புற்றுநோயை விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகுத்துவிட்டது. புகையிலையும் மதுவும் சேருமிடத்து வாய்க்கும் களத்திற்கும் வரும் இடர், தனித்தனி இடர்களின் கூட்டுத்தொகையையும் விஞ்சுகின்றது. கசிப்பினும் கள் நன்று எனின், அது மெய். கசிப்பினும் நன்றாதல் உணவுக்குரிய தகுதியாகுமா?

கள்ளைக் கண்டித்தல் சீவல் தொழிலாளியின் வயிற்றிலடித்தலாகும் என்னும் மறுப்பு எஞ்சி நிற்கின்றது. இது பொருட்படுத்தற்பாலது. பனைக்குச் சொந்தக்காரராய் இருந்தோர் அத்தொழிலாளியை இழிந்தவனென ஒதுக்கிக்கொண்டே, இருள் கவிந்தபின் அவனது கொட்டிலுக்குச் சென்று பிளா ஏந்திய வரலாறு இம்மண்ணில் மறைக்கத்தக்கதன்று. மதுவிலக்குப் பேசியோருட் பலர் குடியைச் சாடுவதாகச் சொல்லி அவனையே சாடினர். குற்றம் அவனதன்று. உயிரைப் பணயம் வைத்து அவன் ஏறுவது ஒரே மரத்தில். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது சந்தை. கள் இறக்கிய அன்றே காசாகின்றது. கருப்பநீரைப் பனங்கட்டியாக்குவதற்கோ விறகு வேண்டும், நேரம் வேண்டும், அடுப்பருகே நின்று வேகும் பெண்களின் உழைப்பும் வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தோன்றியது. பனங்கட்டியோ இன்றும் பல வீடுகளில் விருந்தினர்க்குக் காட்டும் அரும்பொருளாகவே உள்ளது. தொழிலாளியின் பெயராற் கள்ளுக்கு வழக்காடுவோர் கடையிலே பனங்கட்டியின் விலையைக் கேட்டு, முகஞ்சுளித்து, சீனியை நிறுக்கச் சொல்லி வாங்கிச் செல்கின்றனர்.